மூன்று அடுக்கு இன்ஸ்டாலர்: ஒரே பொட்டலம், மூன்று கணினியில் மூன்று விதமான எழுதும் பிழை (1304, 1309, 123)

கணக்கறை_ஐடி:

ஆபீஸ் கணக்கு மென்பொருளின் புதுப் பதிப்பை விண்டோஸ் 11 கணினிகளில் ஏற்ற வேண்டும். வந்திருப்பது 1.2 ஜிபி அளவில் ஒரே ஒரு இஎக்ஸ்இ. 7-ஜிப்பில் திறந்து பார்த்தால் அது தானே விரியும் வெறும் பொட்டலம். உள்ளே இன்னொரு செட்டப் இஎக்ஸ்இ. அதற்குள் ஒரு ரன்டைம் (மென்பொருள் ஓடத் தேவையான துணைத் தொகுப்பு), பிடிஎஃப் பிரிண்டருக்கான குட்டி செட்டப் ஒன்று, கடைசியாக மெயின் எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் படித்து நிறுவும் கோப்பு). பெரும்பாலான கணினிகளில் ஏறிவிட்டது. மூன்றில் அடம்பிடிக்கிறது.

கணினி 1: பாதிக்கு மேல் போய் "பிழை 1304, கோப்பில் எழுத முடியவில்லை, அந்த டைரக்டரிக்கு அனுமதி உள்ளதா பார்க்கவும்" என்கிறது. கோப்பு சி:\புரோகிராம்டேட்டாவுக்குள் மென்பொருளின் ரிப்போர்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் ஒரு டிஎல்எல் (புரோகிராம் ஏற்றி ஓட்டும் துணைக் கோப்பு). அட்மினாக ஓட்டினாலும் அதேதான்.

கணினி 2: "பிழை 1309, மூலக் கோப்பைத் திறக்க முடியவில்லை, சிஸ்டம் எரர் 3."

கணினி 3: "டைரக்டரியை உருவாக்க முடியவில்லை, சி:\யூஸர்ஸ்\????\ஆப்டேட்டா\லோக்கல்\டெம்ப்\..." என்று காட்டி எரர் 123. இந்தக் கணினியில் யூஸர் பெயர் தமிழில் இருக்கிறது.

டவுன்லோடில் கோளாறா, இல்லை கணினியிலா?

ஆடிட்டர்_அறை:

ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க. அந்த ஃபோல்டருக்கு எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல் குடுங்க. ரைட் கிளிக், ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். மூணும் பண்ணா எந்த இன்ஸ்டாலரும் ஏறிடும்.

லாக்வாசி:

அந்த மூன்றும் கணினி 2-க்கும் 3-க்கும் உதவாது. 1-இல் ஏறக்கூடும், ஆனால் பில் டேட்டா இருக்கும் ஃபோல்டரை எவரும் அழிக்கலாம் என்று திறந்து வைத்த மாதிரி ஆகும். வேண்டாம்.

அடுக்கு இன்ஸ்டாலரில் முதலில் கேட்க வேண்டியது இரண்டுதான்: எழுதப் போனது எந்த அடுக்கு? அது எந்தக் கணக்கின் பெயரில் எழுதப் போனது? பிழைச் செய்தி இரண்டையும் சொல்லாது. மேலே இருக்கும் அடுக்கு, கீழே நடந்ததைத் தன் பாஷையில் சுருக்கி "தோல்வி" என்று மட்டும் காட்டும். அதனால் கடைசியாகத் திரையில் வந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடுவது வீண்.

டெம்ப் ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலே எந்தெந்த அடுக்கு ஓடியது என்று பாதி தெரிந்துவிடும். ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு பெயர்ப் பாணி வைத்திருக்கிறது:

"7இசட்எஸ்" என்று ஆரம்பித்தால் 7-ஜிப்பின் தானே விரியும் பொட்டலம். "ரார்எஸ்எஃப்எக்ஸ்0" என்றால் வின்ரார். "ஐஎக்ஸ்பி000.டிஎம்பி" என்றால் விண்டோஸோடு வரும் ஐஎக்ஸ்பிரஸ். "ஐஎஸ்-" போட்டு ஐந்து எழுத்து, பிறகு டிஎம்பி என்றால் இன்னோ செட்டப். "என்எஸ்" என்று தொடங்கி டிஎம்பி-யில் முடிந்தால் என்எஸ்ஐஎஸ். வளைவு அடைப்புக்குள் நீளமான அடையாள எண், அதற்குள் புள்ளி-பிஏ என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் விக்ஸ் கருவியின் பர்ன் பண்டில் (பல செட்டப்புகளை வரிசையாக ஓட்டும் மூட்டை).

உங்கள் நடு அடுக்கு பர்ன் மாதிரிதான் தெரிகிறது. அப்படியானால் அதன் லாக் டெம்ப்பிலேயே இருக்கும். பண்டில் பெயர், தேதி-நேரம், பின்னால் லாக் என்று ஒன்று. அதே பெயரோடு 000, 001, 002 என்று எண் சேர்ந்து உள்ளே ஓடிய எம்எஸ்ஐ ஒவ்வொன்றுக்கும் தனி லாக். முதலில் பெரிய லாக்கைத் திறந்து "அப்ளைடு எக்ஸிக்யூட் பேக்கேஜ்" என்ற வரிகளைப் பாருங்கள். எந்தப் பேக்கேஜின் ரிசல்ட் பூச்சியம் இல்லையோ, அங்கேதான் சிக்கல். பிறகு அந்தப் பேக்கேஜின் தனி லாக்கைத் திறங்கள்.

ரிசல்ட் எண் 8007 என்று ஆரம்பித்தால் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் எடுத்து, கால்குலேட்டரில் புரோகிராமர் பக்கத்தில் ஹெக்ஸிலிருந்து டெசிமலுக்கு மாற்றுங்கள். 80070005 என்றால் 5, அனுமதி மறுப்பு. 80070020 என்றால் 32, வேறு புரோகிராம் கோப்பைப் பிடித்திருக்கிறது. 80070070 என்றால் 112, டிஸ்க் நிறைந்தது. 80070643 என்றால் 1603. அதாவது "உள்ளே எம்எஸ்ஐ விழுந்தது, எனக்கு அதற்குமேல் தெரியாது". 80070652 என்றால் 1618, வேறொரு எம்எஸ்ஐ ஓடிக்கொண்டிருக்கிறது.

பொட்டலம்:

லாக் இல்லையென்றால் உள்ளிருக்கும் எம்எஸ்ஐயைத் தனியே எடுத்து இப்படி ஓட்டலாம். கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன். திரையில் ஆங்கில எழுத்தில் தட்டவும்.

எம்எஸ்ஐஎக்ஸெக் /ஐ "சி:\வேலை\மெயின்.எம்எஸ்ஐ" /எல்*வி "சி:\வேலை\மெயின்.லாக்"

அந்த நட்சத்திரக் குறியும் வி-யும் முக்கியம். வி இல்லாவிட்டால் விவரமான வரிகள் வராது. சி:\வேலை ஃபோல்டரை முன்கூட்டியே உண்டாக்கி வையுங்கள், லாக் எழுதும் இடம் இல்லையென்றால் லாக்கைத் திறக்க முடியவில்லை என்று அதற்கே தனியாக ஒரு பிழை காட்டி நிற்கும்.

லாக்கில் "ரிட்டர்ன் வேல்யூ 3" என்று தேடுங்கள். முதலில் கிடைக்கும் இடம்தான் மூலம். அதற்குப் பின்னால் வருபவையெல்லாம் அதன் தொடர்ச்சி. அந்த வரிக்கு மேலே இருபது முப்பது வரி படித்தால் காரணம் இருக்கும். வரி ஆரம்பத்தில் எம்எஸ்ஐ-க்கு அடுத்து அடைப்பில் சி இருந்தால் உங்கள் கணக்கில் ஓடும் முன்பக்கம். எஸ் இருந்தால் பின்னணியில் ஓடும் விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ். கோப்பை டிஸ்க்கில் எழுதுவது இந்த எஸ் பக்கம்தான், அதுவும் சிஸ்டம் கணக்கின் பெயரில்.

கணினி 1-இல் அட்மினாக ஓட்டியும் பலிக்காததன் காரணம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் அட்மினாக இருந்தாலும் அங்கே எழுதுவது நீங்கள் அல்ல. அந்த ரிப்போர்ட்ஸ் ஃபோல்டரின் செக்யூரிட்டி டேபில் சிஸ்டம் என்ற பெயர் இருக்கிறதா, அதற்கு ஃபுல் கன்ட்ரோல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 1603-க்கு மைக்ரோசாஃப்ட் ஆவணம் சொல்லும் பொதுக் காரணங்களில் இந்த மூன்றும் உண்டு: சிஸ்டம் கணக்குக்கு ஃபோல்டரில் முழு அனுமதி இல்லை, ஃபோல்டர் என்க்ரிப்ட் செய்யப்பட்டிருக்கிறது, சப்ஸ்ட் கட்டளையில் உண்டாக்கிய போலி டிரைவில் நிறுவப் பார்க்கிறது.

கணக்கறை_ஐடி:

கணினி 1-இல் பார்த்தேன். சிஸ்டம் பெயரே இல்லை. ஒரு யூஸர் பெயரும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸும் மட்டும்தான் இருக்கின்றன. இன்ஹெரிட்டன்ஸும் (மேல் ஃபோல்டரின் அனுமதி கீழே இறங்கி வருவது) நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. லாக்கிலும் 1304-க்குப் பக்கத்தில் எஸ் பக்கத்து வரிதான்.

ஆனால் ஆன்ட்டிவைரஸும் இதே மாதிரி காட்டுமே, அது இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

லாக்வாசி:

அதற்கு ப்ராசஸ் மானிட்டர். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும்.

1. அட்மினாகத் திறந்ததும் கன்ட்ரோல்-இ அடித்துப் பதிவை நிறுத்துங்கள், கன்ட்ரோல்-எக்ஸ் அடித்து இருப்பதைத் துடையுங்கள்.
2. கன்ட்ரோல்-எல். பாத், கன்டெய்ன்ஸ், ரிப்போர்ட்ஸ், இன்க்ளூட். இவ்வளவு போதும். ப்ராசஸ் பெயரை வைத்து ஃபில்டர் போட வேண்டாம். அடுக்கு இன்ஸ்டாலரில் எந்த ப்ராசஸ் எழுதுகிறது என்பதே கேள்வி, அதை முன்கூட்டியே முடிவு கட்டினால் குற்றவாளி வெளியே நின்றுவிடும்.
3. ஃபில்டர் மெனுவில் "டிராப் ஃபில்டர்டு ஈவென்ட்ஸ்" டிக் செய்யுங்கள். இல்லையென்றால் பெரிய இன்ஸ்டாலில் மெமரியை விழுங்கும். டிக் செய்தபின் வெளியே விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது என்பது ஞாபகம் இருக்கட்டும்.
4. மறுபடி கன்ட்ரோல்-இ, இன்ஸ்டாலரை ஓட்டுங்கள். பிழைப் பெட்டி வந்ததும் அதை மூடாமல் கன்ட்ரோல்-இ அடித்து நிறுத்துங்கள். மூடினால் ரோல்பேக் (செய்ததைக் கலைத்துப் பழைய நிலைக்குத் திரும்புவது) ஆரம்பித்து நூற்றுக்கணக்கான வரிகள் கீழே குவியும்.
5. ரிசல்ட் பத்தியில் கீழிருந்து மேலே வாருங்கள். "நேம் நாட் ஃபவுண்ட்" சாதாரணம், கண்டுகொள்ள வேண்டாம். "ஆக்ஸஸ் டினைடு", "ஷேரிங் வயலேஷன்", "டிலீட் பெண்டிங்", "டிஸ்க் ஃபுல்", "நேம் இன்வேலிட்" இவைதான் வேண்டியவை.

கிடைத்த வரியை டபுள் கிளிக் செய்து ப்ராசஸ் டேபில் யூஸர் யார் என்று பாருங்கள். முதல் டேபில் "இம்பர்சனேட்டிங்" என்று ஒரு வரி இருந்தால் சர்வீஸ் உங்கள் வேஷத்தில் எழுதுகிறது என்று அர்த்தம். அப்போது உங்கள் அனுமதிதான் கணக்கில் வரும், சிஸ்டத்தினுடையது அல்ல.

ஆன்ட்டிவைரஸ் என்றால் ஜாடை வேறு: ஒரே கோப்பில் எம்எஸ்ஐஎக்ஸெக் வரிக்கு மில்லிசெகண்ட் முன்பின்னாக ஆன்ட்டிவைரஸின் ப்ராசஸும் கோப்பைத் திறந்திருக்கும், விளைவு பெரும்பாலும் ஷேரிங் வயலேஷன். ரீட்ரை அழுத்தினால் சில சமயம் போய்விடும். அனுமதிக் கோளாறு ரீட்ரையில் போகவே போகாது. சிஸ்டம் எரர் 225 வந்தால் ஆன்ட்டிவைரஸ் அந்தக் கோப்பை வைரஸ் என்றே முடிவு செய்துவிட்டது. அப்போது டெம்ப் ஃபோல்டர் முழுவதையும் விலக்குப் பட்டியலில் சேர்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு; அது திருடன் வரும் வழியைத் திறந்து வைப்பது. கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தையும் ஹேஷையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) சரிபார்த்துவிட்டு, விற்றவரிடம் கேளுங்கள்.

பொட்டலம்:

கணினி 1-க்கு மருந்து. அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில்:

முதலில் இருப்பதைப் பதிந்து வையுங்கள்: ஐகேக்ல்ஸ் "ஃபோல்டர் பாதை" /சேவ் சி:\வேலை\அனுமதி.டிஎக்ஸ்டி /டி

பிறகு: ஐகேக்ல்ஸ் "ஃபோல்டர் பாதை" /இன்ஹெரிட்டன்ஸ்:இ

அதன் பிறகும் சிஸ்டம் வரவில்லையென்றால்: ஐகேக்ல்ஸ் "ஃபோல்டர் பாதை" /கிராண்ட் "*எஸ்-1-5-18:(ஓஐ)(சிஐ)எஃப்" /டி

கட்டளையின் பெயர் எழுத்துக்கூட்டி ஐ-சி-ஏ-சி-எல்-எஸ். எஸ்-1-5-18 என்பது சிஸ்டம் கணக்கின் நிலையான அடையாள எண். பெயருக்குப் பதில் இதைக் கொடுத்தால் விண்டோஸ் எந்த மொழியில் இருந்தாலும் வேலை செய்யும். ஓஐ, சிஐ இரண்டும் உள்ளே இருக்கும் கோப்புக்கும் துணை ஃபோல்டருக்கும் அனுமதி இறங்கிப் போகச் சொல்பவை. இவற்றை விட்டால் மேல் ஃபோல்டர் மட்டும் சரியாகி, இன்ஸ்டாலர் ஒரு படி உள்ளே போய் மறுபடி விழும்.

சிஸ்டத்துக்கும் பொருந்தும் "டினை" வரி ஒன்று அந்த ஃபோல்டரிலேயே இருந்தால் எத்தனை கிராண்ட் கொடுத்தாலும் பயனில்லை, நேரடியாகப் போட்ட மறுப்பு அனுமதியை வெல்லும். அதை /ரிமூவ்:டி போட்டு எடுக்க வேண்டும். பூட்டு மாதிரி குறி தெரிந்தால் என்க்ரிப்ஷன். சைஃபர் /டி கொடுத்து அவிழ்க்கலாம், ஆனால் என்க்ரிப்ட் செய்த அதே யூஸர் கணக்கிலிருந்துதான்.

ஆடிட்டர்_அறை:

எவ்ரிஒன் குடுத்தா இவ்வளவு நீட்டி முழக்க வேண்டியதில்லையே?

பொட்டலம்:

எவ்ரிஒன் கொடுத்தால் சிஸ்டமும் அதற்குள் அடக்கம், அதனால் ஏறிவிடும், உண்மைதான். பிறகு அந்த ஃபோல்டரில் இருக்கும் டிஎல்எல்லை எந்தச் சாதாரண யூஸரும் மாற்றி வைக்கலாம். மறுநாள் அட்மின் கணக்கில் மென்பொருளைத் திறந்தால் மாற்றி வைத்த டிஎல்எல் அட்மின் அதிகாரத்தில் ஓடும். கணக்குப் புத்தகம் இருக்கும் கணினியில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது.

தென்காசி_நெட்:

கணினி 2-க்கு வருகிறேன். 1309 எழுதும் பிழையே அல்ல, படிக்கும் பிழை. 1304, 1310, 1321 இவை போய்ச் சேரும் இடத்தில் வருபவை. 1305, 1309, 1335 இவை மூலத்தில் வருபவை. இரண்டு கூட்டத்துக்கும் பெட்டி ஒரே மாதிரி இருப்பதால் ஆட்கள் புரோகிராம் ஃபைல்ஸில் அனுமதி தேடிக்கொண்டு கிடப்பார்கள்.

சிஸ்டம் எரர் 3 என்றால் பாதையே இல்லை. சற்று முன்வரை இருந்த ஃபோல்டர் மாயமாகிவிட்டது. அடுக்கு இன்ஸ்டாலரில் இது எப்படி நடக்கும் என்றால்: வெளிப்பொட்டலம் டெம்ப்பில் எல்லாவற்றையும் விரித்து, உள் செட்டப்பைக் கிளப்பிவிட்டு, அது முடியும்வரை காத்திருக்கும், முடிந்ததும் டெம்ப்பைத் துடைக்கும். உள் செட்டப் அட்மின் அதிகாரத்துக்காகத் தன்னையே இன்னொரு ப்ராசஸாகக் கிளப்பிவிட்டு முதல் ப்ராசஸை மூடிக்கொண்டால், வெளிப்பொட்டலம் "வேலை முடிந்தது" என்று நினைத்து ஃபோல்டரை அழித்துவிடும். உள்ளே எம்எஸ்ஐ அப்போதுதான் கேபினெட்டை (நிறுவும் கோப்புகளைச் சுருக்கி வைத்த மூட்டை) தேடி வரும்.

வேகமான கணினியில் இது தப்பித்துவிடும், மெதுவான டிஸ்க்கில் மாட்டும். அதனால்தான் ஒரே பொட்டலம் பல இடத்தில் ஏறி ஒரே ஒரு இடத்தில் விழுகிறது.

செய்ய வேண்டியது: இஎக்ஸ்இயை ஓட்டாதீர்கள். 7-ஜிப்பில் வலது கிளிக் செய்து சி:\வேலை என்ற குட்டிப் பாதையில் விரித்து, உள்ளே இருக்கும் செட்டப்பை நேரடியாக ஓட்டுங்கள். டெஸ்க்டாப்பில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக விரித்தால் 260 எழுத்து வரம்பு இடிக்கும். அது வேறு ரூபத்தில் இதே எரர் 3-ஆகவோ 206-ஆகவோ வரும்.

இன்னொன்றும் பாருங்கள்: அந்தக் கணினியில் யாராவது ஜிப் கோப்பைத் திறந்து, அந்த ஜன்னலுக்குள்ளேயே செட்டப்பை டபுள் கிளிக் செய்தார்களா? அப்படிச் செய்தால் எக்ஸ்ப்ளோரர் அந்த ஒரு இஎக்ஸ்இயை மட்டும் டெம்ப்புக்கு எடுத்துப் போகும், பக்கத்தில் இருந்த கேபினெட் கோப்புகள் ஜிப்பிலேயே தங்கிவிடும். அதுவும் 1309 அல்லது 1311.

கணக்கறை_ஐடி:

கணினி 1: இன்ஹெரிட்டன்ஸ் கட்டளை கொடுத்ததுமே சிஸ்டம் வந்துவிட்டது, இன்ஸ்டால் முழுதாக முடிந்தது. கணினி 2: தனியே விரித்து ஓட்டினேன், ஏறிவிட்டது. டிஸ்க் பழைய சுழல் டிஸ்க்தான்.

1335 வந்தால் மட்டும் டவுன்லோட் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாமா?

தென்காசி_நெட்:

பெரும்பாலும் ஆமாம். "சர்ட்யூட்டில்" என்ற கட்டளையை -ஹேஷ்ஃபைல் கோப்புப்பெயர் எஸ்ஹெச்ஏ256 என்று சேர்த்துக் கொடுத்து, ஏறிய கணினியில் இருக்கும் கோப்பின் ஹேஷோடு ஒப்பிடுங்கள். ஒரே எண் வந்தால் கோப்பில் குறையில்லை. அப்புறமும் 1335 என்றால் விரிக்கும்போது கெடுகிறது. டிஸ்க்கையோ ரேமையோ சந்தேகியுங்கள். 1330 என்றால் கேபினெட்டின் கையொப்பம் ஒத்துவரவில்லை, அது வேறு சங்கதி.

எழுத்துரு_பழசு:

கணினி 3 எனக்குப் பழக்கமான நோய். தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி கோட்பேஜ் (யூனிகோடுக்கு முந்தைய புரோகிராம்கள் நம்பும் எழுத்துப் பட்டியல்) என்று ஒன்று கிடையாது, யூனிகோடு மட்டும்தான். ரஷ்ய மொழிக்கு 1251, அரபிக்கு 1256 என்று இருப்பது போலத் தமிழுக்கு இல்லை. ஆகவே யூனிகோடு தெரியாத பழைய செட்டப் ஒன்று டெம்ப் பாதையைக் கேட்டால் விண்டோஸ் தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி கொடுத்துவிடும். கோப்புப் பெயரில் கேள்விக்குறி கூடாது, எனவே எரர் 123. சிஸ்டம் லோகேலைத் தமிழ் என்று மாற்றினால் இது தீரும் என்று நம்பிவிடாதீர்கள்.

உங்கள் சங்கிலியில் மெயின் எம்எஸ்ஐக்கோ பர்னுக்கோ இந்தத் தகராறு இருக்காது. அந்தப் பிடிஎஃப் பிரிண்டர் செட்டப்தான் பழைய இன்னோ செட்டப்பில் கட்டியதாக இருக்க வேண்டும், பாதையின் கடைசியில் "ஐஎஸ்-" இருக்கிறதா பாருங்கள். இன்னோ 6 முதல் யூனிகோடு மட்டும்தான். 5-இல் ஆன்சி, யூனிகோடு என இரண்டும் இருந்தன. என்எஸ்ஐஎஸ்ஸுக்கு 3-இல்தான் யூனிகோடு வந்தது.

வழி: அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டை முதலில் திறங்கள். அதற்குள்

எம்கேடிர் சி:\டெம்ப்
செட் டிஎம்பி=சி:\டெம்ப்
செட் டெம்ப்=சி:\டெம்ப்

சமக்குறிக்குப் பக்கத்தில் இடைவெளி விடக் கூடாது. இரண்டையும் கொடுங்கள், விண்டோஸ் முதலில் பார்ப்பது டிஎம்பியை. அதே ஜன்னலில் பிரிண்டர் செட்டப்பை மட்டும் தனியாக ஓட்டுங்கள். சாதாரண ஜன்னலில் செட் கொடுத்துவிட்டு பிறகு அட்மின் அனுமதி கேட்டால், அட்மினாக எழும் ப்ராசஸ் புதுச் சூழலோடு வரும், நீங்கள் கொடுத்தது அதற்குப் போகாது. பிரிண்டர் ஏறியதும் மெயின் செட்டப்பை ஓட்டுங்கள். ஏற்கெனவே இருப்பதைக் கண்டுபிடிக்கும்படி கட்டியிருந்தால் அதைத் தாண்டிப் போய்விடும்.

யூஸர் பெயரை செட்டிங்ஸில் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பயனில்லை, யூஸர்ஸ் ஃபோல்டரின் பெயர் மாறாது. ஆங்கிலப் பெயரில் இன்னொரு அட்மின் கணக்கு உண்டாக்கி அதில் நுழைந்து நிறுவலாம். எல்லா யூஸருக்கும் பொதுவாக நிறுவும் மென்பொருளுக்குத்தான் அது சரி. தன் யூஸருக்கு மட்டும் எழுதும் ரகம் என்றால் வேறு வீட்டில் போய் உட்கார்ந்துவிடும்.

மீனா_டிடிபி:

ரீஜன் செட்டிங்கில் "பீட்டா: உலக மொழிகளுக்கு யுடிஎஃப்-8" என்று ஒரு டிக் இருக்கிறதே, அதைப் போட்டால் ஆகாதா?

எழுத்துரு_பழசு:

சில செட்டப்புக்கு ஆகும். ஆன்சி கேள்விகளுக்கெல்லாம் யுடிஎஃப்-8-இல் பதில் வரும். ஆனால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒற்றும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் கணக்கு. பழைய புரோகிராமின் 260 பைட் பெட்டியில் பாதை நிரம்பிவிடும். பெரிய தொல்லை வேறு: 8-பிட் எழுத்துருக்களை நம்பி ஓடும் பழைய டிடிபி மென்பொருள்கள் இந்த டிக்கோடு குழம்பிப் போகும். உங்கள் கடையில் பழைய பேஜ்மேக்கர் கோப்புகள் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கணக்கறை_ஐடி:

"ஐஎஸ்-" இருந்தது. தனியாக ஓட்டி ஏற்றிவிட்டேன், மெயினும் அதைத் தாண்டிப் போய் முடிந்தது. இப்போது வேறு ஒன்று. இன்னொரு கணினியில் சி டிரைவில் 6 ஜிபி காலி இருக்கிறது, எம்எஸ்ஐ 2.5 ஜிபிதான் கேட்கிறது, ஆனாலும் எரர் 112.

பொட்டலம்:

எம்எஸ்ஐ கேட்பது தன் கோப்புகளுக்கான இடத்தை மட்டும். மேலிருக்கும் அடுக்குகள் தின்பது அதன் கணக்கில் வராது. உங்கள் அளவுகளை வைத்துத் தோராயமாகப் போடுகிறேன்:

டவுன்லோட் செய்த இஎக்ஸ்இ 1.2. டெம்ப்பில் விரிந்தது இன்னொரு 1.2. பர்ன் தன் பேக்கேஜ்களை சி:\புரோகிராம்டேட்டா\பேக்கேஜ் கேச் ஃபோல்டரில் பிரதி எடுக்கும், அது 1.2. மெயின் எம்எஸ்ஐ 0.8 என்று வைத்துக்கொண்டால் சி:\விண்டோஸ்\இன்ஸ்டாலரில் அதன் பிரதி 0.8, விண்டோஸ் 7-க்கு முன்னால் கேபினெட்டை நீக்கிவிட்டுச் சின்னதாக வைத்தது, இப்போது உள்ளிருக்கும் கேபினெட்டோடு முழுசாக வைக்கிறது. நிறுவிய கோப்புகள் 2.5. பழைய பதிப்பு 2 ஜிபி என்றால் ரோல்பேக்குக்காக அதையும் ஒதுக்கி வைக்கும், டிரைவின் வேரில் மறைந்திருக்கும் கான்ஃபிக்.எம்எஸ்ஐ ஃபோல்டரில். கூட்டினால் 8.9 ஜிபி. அந்த இஎக்ஸ்இ ஏற்கெனவே டிஸ்க்கில் உட்கார்ந்திருப்பதால் மீதி 7.7 காலியாக வேண்டும், உங்களிடம் 6.

இஎக்ஸ்இயை டி டிரைவுக்கு மாற்றுங்கள், விரிப்பதையும் அங்கேயே விரியுங்கள். அதிலேயே 1.2 மீளும், இன்னொரு 1.2 செலவாகாது, 7.2 காலி, தேவை 6.5. கான்ஃபிக்.எம்எஸ்ஐயையும் விண்டோஸ்\இன்ஸ்டாலரையும் கையால் துடைத்து இடம் பிடிக்கும் எண்ணம் வேண்டாம். முதலாவதை ஓட்டத்தின் நடுவில் துடைத்தால் ரோல்பேக் செத்துவிடும், இரண்டாவதைத் துடைத்தால் பிறகு அன்இன்ஸ்டாலோ அப்டேட்டோ வராது. டிசேபிள்ரோல்பேக் என்று ஒரு ப்ராப்பர்ட்டி உண்டு; இடம் மிச்சமாகும், நடுவில் விழுந்தால் பழசும் இருக்காது புதுசும் இருக்காது.

மீனா_டிடிபி:

எனக்கு எல்லாம் ஏறுகிறது, டெஸ்க்டாப் ஷார்ட்கட் எழுதும்போது மட்டும் கோப்பு இல்லை என்கிறது.

லாக்வாசி:

விண்டோஸ் செக்யூரிட்டியில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ் ஆனில் இருக்கிறதா பாருங்கள். அது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போன்றவற்றில் தெரியாத புரோகிராம் எழுதுவதைத் தடுக்கும். தடுக்கப்பட்ட புரோகிராம் பல சமயம் "கோப்பு இல்லை" என்றே புரிந்துகொள்ளும். ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் டிஃபெண்டர், ஆபரேஷனல் பதிவில் 1123 என்று நிகழ்வு இருந்தால் அதுதான். அதிலேயே புரோகிராமின் முழுப் பாதை இருக்கும், அதை மட்டும் அனுமதியுங்கள்.

ஆடிட்டர்_அறை:

எங்க இன்ஸ்டாலர்ல அபார்ட், ரீட்ரை, இக்னோர்னு மூணு பட்டன் வருது. இக்னோர் அடிச்சா போயிடுது. அது ஓகேவா?

பொட்டலம்:

அது பெரும்பாலும் என்எஸ்ஐஎஸ். இக்னோர் அடித்தால் அந்தக் கோப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதும். புது இஎக்ஸ்இயும் பழைய டிஎல்எல்லும் சேர்ந்து ஓடும். உடனே ஒன்றும் தெரியாது. ஏதோ ஒரு ரிப்போர்ட் திறக்கும்போது தெரியும். மென்பொருள் டாஸ்க்பார் ஓரத்தில் இன்னும் ஓடுகிறதா பாருங்கள். இல்லையென்றால் ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு டேபில் அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் பெட்டியில் அந்தக் கோப்பின் பெயரைத் தட்டினால் யார் பிடித்திருக்கிறார் என்று காட்டும். அவரை மூடிவிட்டு ரீட்ரை. கட்டுபவர் "செட்ஓவர்ரைட் ட்ரை" என்று எழுதியிருந்தால் இந்தப் பெட்டிகூட வராது, சத்தமில்லாமல் தாண்டிவிடும். அது இன்னும் மோசம்.

கணக்கறை_ஐடி:

மிச்சமிருக்கும் கணினிகளுக்குச் சைலண்ட்டாக ஸ்கிரிப்ட்டில் ஓட்டப் போகிறேன். விழுந்தால் தெரிய வேண்டும். வெளி இஎக்ஸ்இ எப்போதும் 0 என்றே திரும்புகிறது.

தென்காசி_நெட்:

வெளிப்பொட்டலம் உள்ளே வந்த எண்ணை முழுங்கிவிடுகிறது, அதை நம்ப முடியாது. விரித்து வைத்த ஃபோல்டரை நெட்வொர்க் ஷேரில் போட்டு, அங்கிருந்து லோக்கல் சி:\வேலைக்குப் பிரதி எடுத்து, உள் செட்டப்பை ஸ்டார்ட் /வெயிட் போட்டு /கொயட் /நோரீஸ்டார்ட் /லாக் சி:\வேலை\பண்டில்.லாக் என்று ஓட்டுங்கள். ஷேரை டிரைவ் எழுத்தாக மேப் செய்து அதிலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். உங்கள் கணக்கில் தெரியும் இசட் டிரைவ் அட்மினாக எழுந்த ப்ராசஸுக்குத் தெரியாது, 1327 வரும்.

முடிந்ததும் எரர்லெவலை (செட்டப் திருப்பித் தரும் எண்) பாருங்கள். 0 நிறைவு. 3010 என்றாலும் நிறைவுதான், ரீபூட் மட்டும் பாக்கி. இதைத் தோல்வி என்று எண்ணி மறுபடி ஓட்டிவிடாதீர்கள். 1641 என்றால் ரீபூட் ஆரம்பித்தேவிட்டது. 1618 என்றால் விண்டோஸ் அப்டேட்டோ வேறொன்றோ எம்எஸ்ஐ ஓட்டிக்கொண்டிருக்கிறது. சில நிமிடம் பொறுத்து ஓட்டச் சொல்லலாம். மற்ற எது வந்தாலும் லாக்கை ஷேருக்கு அனுப்பிவிட்டு நிற்கட்டும். பிரிண்டர் செட்டப்பை இதற்கு முன்னால் தனி வரியாக வையுங்கள். இன்னோ என்பதால் அதற்கு /வெரிசைலண்ட் /சப்ரஸ்எம்எஸ்ஜிபாக்ஸஸ் /நோரீஸ்டார்ட் /லாக்="சி:\வேலை\பிரிண்டர்.லாக்". /சப்ரஸ்எம்எஸ்ஜிபாக்ஸஸ் என்பதை விட்டால் பிழைப் பெட்டி ஒன்று யாரும் பார்க்காத இடத்தில் எழுந்து, ஓகே அழுத்த ஆள் வரும்வரை ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும்.